ஒரே நல்ல நாளும் ஒரே ஒரு நடவு மெஷினும்

என்னைக் கேட்டால், தினசரி காலண்டர் அச்சடிக்கிறவர்களையெல்லாம் உத்திரமேரூருக்கு வரவழைத்து ஒரு கூட்டம் போட வேண்டும். மாசத்துக்கு இன்னும் நாலு நல்ல நாள் சேர்த்துப் போட்டால் உங்கள் சொத்தா குறைந்துவிடும் என்று முகத்துக்கு நேரே கேட்க வேண்டும். அவ்வளவு பாடு பட்டிருக்கிறேன் அந்தக் காலண்டரோடு.

என் வேலை அப்படி. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஓர் உரக்கடையின் மாடியில் எங்கள் சேவை மையம். வெயில் காலத்தில் மேலே தகரம் கொதிக்கும், கீழே யூரியா வாசனை வரும். விவசாயிகளின் மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்புவது, நல்ல விதைக்கு அலைவது, ஒரு ஊரில் சும்மா கிடக்கும் கருவியை இன்னொரு ஊருக்கு ஓட்டிவிடுவது, மூன்று ஊர் நெல்லை ஒரே லாரியில் ஏற்றி ஒரே விலைக்குப் பேசுவது, இதெல்லாம் எங்கள் பொறுப்பு. போர்டில் எனக்குப் பெரிய பதவிப் பெயர் எழுதியிருக்கிறது. ஊருக்குள் போனால் 'மெஷின் மேடம்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். முதலில் கடுப்பாக இருந்தது, இப்போது பழகிவிட்டது.

மெஷின் என்றால் நாற்று நடவு மெஷின். திருப்புலிவனம், பெருநகர், தென்னேரி, மூன்று ஊருக்கும் சேர்த்து ஒன்று. பெருநகர் செய்யாற்றுப் பக்கம். தென்னேரியோ வாலாஜாபாத் பக்கம், அவர்களுக்குக் கடல் மாதிரி ஏரி. "இன்னா மேடம், அவுங்களுக்கும் எங்களுக்கும் இன்னா சம்மந்தம்?" என்றுதான் முதல் கூட்டத்தில் எல்லாரும் கேட்டார்கள். சம்பந்தம் தண்ணீரில் இருந்தது. ஓர் ஊரில் தண்ணீர் முன்னால் பாயும், இன்னோர் ஊரில் பின்னால் பாயும். ஒரு பக்கம் நடவு முடிகிறபோது மறுபக்கம் ஆரம்பிக்கும். ஆகவே ஒரு மெஷின் போதும், சுற்றிச் சுற்றி வேலை செய்யும். காகிதத்தில் அவ்வளவு அழகாக இருந்தது அந்தத் திட்டம். நாங்கள் மழையைக் கணக்கில் எடுத்தோம், டீசலைக் கணக்கில் எடுத்தோம். அஷ்டமி நவமியை எடுக்கவில்லை.

தை பிறந்து நாலைந்து நாள் இருக்கும். போன் வர ஆரம்பித்தது. "மேடம், வர்ற புதன்கெயம மெஷின் வோணும்." குறித்துக்கொண்டேன். அடுத்த போன். அவருக்கும் புதன்கிழமை. அடுத்தவருக்கும் அதே. என்னடா இது என்று காலண்டரைப் பார்த்தால், வளர்பிறைப் பஞ்சமி, புதன்கிழமை, முகூர்த்த நாள், எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து உட்கார்ந்திருக்கிறது. திருப்புலிவனத்துக்கும் அதுதான் வேண்டும், பெருநகருக்கும் அதுதான் வேண்டும். தென்னேரிக்காரர்கள் மட்டும் கேட்கவில்லை, மதகு திறக்க இன்னும் நாளிருந்தது. திங்கட்கிழமை மெஷினை வண்டியில் ஏற்றி அவர்களிடம் அனுப்புவதாக ஏற்கெனவே பேச்சு. வியாழன், வெள்ளிக்கும் ஆள் வந்துவிட்டார்கள். சனிக்கிழமை அஷ்டமி, ஞாயிறு நவமி. அந்த இரண்டு நாளையும் ஒருத்தரும் தொடவில்லை. வாடகை பாதிதான் என்று சொல்லிப் பார்த்தேன். சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்றார்கள்.

புதன்கிழமைக்குச் சீட்டுக் குலுக்கிப் போட்டோம். பெருநகர் அண்ணன் ஒருவருக்கும், அவர் பக்கத்து நிலத்துக்காரருக்கும் விழுந்தது. பெருநகர் அண்ணன்தான் எங்கள் கூட்டுக் குழுவுக்குத் தலைவர். நல்ல மனுஷன், ஆனால் எதற்கெடுத்தாலும் ஒரு முணுமுணுப்பு. சீட்டு விழுந்ததற்கும் முணுமுணுத்தார்.

விழாமல் போனவர்களில் திருப்புலிவனத்து அக்கா ஒருவர். ஐம்பது வயசு இருக்கும். காலனியில் வீடு. அக்கா பரம்பரையிலேயே யாருக்கும் சொந்தமாக ஒரு காணி கிடையாது, எல்லாரும் கூலிக்கு நட்டவர்கள், கூலிக்கு அறுத்தவர்கள். அந்த வருஷம்தான், தாம்பரத்துக்குக் குடிபோய்விட்ட ஒரு குடும்பத்தின் ஒரு ஏக்கரை அக்கா குத்தகைக்குப் பிடித்திருந்தார். இந்தப் போகம் எப்படி வருகிறது பார்க்கலாம், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று நிலத்துக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். எங்கள் மையத்தில் நடந்த பயிற்சிக்கெல்லாம் முன்வரிசையில் வந்து உட்காருவார். தட்டில் நாற்று வளர்ப்பதைச் சொல்லிக் கொடுத்தபோது இருபது பேர் தலையை ஆட்டினார்கள், வீட்டுக்குப் போய்ச் செய்தவர் அக்காதான்.

அந்தத் தட்டு நாற்றில் ஒரு தொல்லை இருக்கிறது. வயசு ஏறக் கூடாது. உயரம் போய்விட்டால் மெஷினின் விரல் அதைப் பிய்த்துப்போடும், நேராக ஊன்றாது. அக்காவின் நாற்றுக்குச் சனிக்கிழமைதான் கடைசி. அதற்கு மேல் தாங்காது. கையால் நடலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். "ஆள் எங்க கீது மேடம்? பொண்ணுங்க எல்லாம் கம்பெனி வேன்ல ஏறி ஒரகடம் போயிடுதுங்க. மிச்சம் கீறதுங்க என்ன மாதிரி முட்டி போனதுங்க. அதுங்களும் புதன்லேந்து வெள்ளி வரைக்கும் வேற வேற நெலத்துக்குக் கூலிக்குக் கைநீட்டி அட்வான்ஸ் வாங்கிடுச்சிங்க" என்றார். ஊருக்கெல்லாம் நட்டவருக்குத் தன் நிலத்தில் நட ஆளில்லை.

சீட்டுப் போட்ட மறுநாள் சாயங்காலம் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். பேசிச் சரிகட்டிவிடலாம் என்ற தெம்பில்தான் போனேன். வாசலில் பிளாஸ்டிக் விரித்து, அதன்மேல் தட்டுகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். நடந்து போக ஒரு முழம் வழிதான் விட்டிருந்தது. சுற்றிலும் பழைய சேலையைக் கட்டி வேலி. ஒரு கையில் பூவாளி, இன்னொரு கையில் கோழி விரட்ட ஒரு குச்சி. என்னைப் பார்த்ததும் ஒரு தட்டின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினார். அடியில் வேரெல்லாம் வெள்ளை வெளேரென்று பின்னிக் கிடந்தது. சும்மா சொல்லக் கூடாது, எங்கள் மாதிரித் தோட்டத்தில்கூட அப்படி வரவில்லை. சொன்னேன். அக்காவுக்கு வெட்கம் வந்துவிட்டது, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"அக்கா, சனிக்கிழமை மெஷின் சும்மாதான் இருக்கு. காலைல வந்துடும். மத்தியானத்துக்குள்ள உங்க வேலை முடிஞ்சிடும்" என்றேன்.

"அன்னிக்கு அஷ்டமி மேடம்."

"தெரியும்."

"அஷ்டமில எவனாவது நாத்த எறக்குவானா?"

எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு. காலையிலிருந்து இதே பேச்சைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப் போயிருந்தது. "இன்னைக்கு அஷ்டமி, நாளைக்கு நவமின்னு நாத்துக்குத் தெரியுமா அக்கா?" என்றேன், கொஞ்சம் வெடுக்கென்றுதான்.

"நாத்துக்குத் தெரியாது. எனுக்குத் தெரியுமே."

அக்கா பூவாளியைக் கீழே வைத்தார். கோபமெல்லாம் இல்லை. விளக்கிச் சொல்ல வேண்டும் என்று நினைத்தார் போல.

"எங்கம்மா என்ன முதுகுல முடிஞ்சிக்கினு நட்டாங்க. நானு வயசுக்கு வர்றதுக்கு முன்னாடியே சேத்துல எறங்கிட்டேன். இங்க, பெருநகர்ல, எங்கெங்க கூப்ட்டாங்களோ அங்கல்லாம் நட்டுக்கீறோம். அவுங்க நாள் பாத்து சொல்லி அனுப்புவாங்க, நாங்க போயி எறங்குவோம். நல்ல நாளு அவுங்களுக்கு. எங்களுக்கு அது கூலி நாளு, அவ்ளோதான். இப்பதான் மேடம் மொதமொதல்ல ஒரு நெலம் என் கைல கீது. குத்தகையாவே இருக்கட்டும், இந்தப் போகம் என்னுது. அதுக்கும் எல்லாரும் வோணான்னு தள்ளிவுட்ட நாளுதானா?"

அக்கா உள்ளே போய் டீ போட்டுக்கொண்டு வந்தார். குடித்தேன். நாற்றைப் பற்றி இருவரும் அப்புறம் பேசவில்லை. கோழி ஒன்று சேலை வேலிக்கு அடியில் தலையை விட்டது, அக்கா குச்சியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

வீட்டுக்கு வந்து சப்பாத்தி மாவை அடி அடியென்று அடித்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட ஆபீஸில் வேலை செய்கிறார், எதையும் பதறாமல் பார்க்கிறவர். "மாவு உனக்கு என்ன பண்ணுச்சு?" என்றார். நடந்ததைச் சொன்னேன். உங்களை மாதிரி ஆட்களால்தான் இந்த ஊரில் மெஷின் ஓட மாட்டேன் என்கிறது என்று அவர்மேலும் பாய்ந்தேன். அவர் பஞ்சாங்கம் பார்க்காமல் செருப்புக்கூட வாங்க மாட்டார். இந்த வீட்டுக்குக் குடிவந்த கதையே அதற்குச் சாட்சி. தரைக்கு டைல்ஸ்கூடப் போடவில்லை, கதவு வரவில்லை, கரண்ட் இல்லை. நாள் போய்விடும் என்று மூன்று செங்கல்லை வைத்து அடுப்பு மூட்டிப் பால் காய்ச்ச வைத்துவிட்டார். புகையில் கண் எரிந்து நான் அழுததைச் சொந்தக்காரர்கள் ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துக்கொண்டார்கள். பிறகு எல்லாரும் பழைய வாடகை வீட்டுக்கே திரும்பிப் போனோம். சாமான் ஏற்றிக்கொண்டு உண்மையில் வந்து சேர்ந்தது நாலு மாசம் கழித்து, ஆடிக்கு முன்னால்.

"இப்ப என்ன குறைஞ்சுபோச்சு? பால் காய்ச்சின அன்னைக்கே குடிவந்தாச்சு. சாமான் வந்தது வேற விஷயம்" என்றார், ரொம்ப சாதாரணமாக.

உருட்டிக்கொண்டிருந்த கட்டையை அப்படியே வைத்துவிட்டேன். பால் காய்ச்சுவது ஒரு நாள், சாமான் வருவது ஒரு நாள். புதன்கிழமை நல்ல நேரத்தில் அக்கா தன் கையால் ஒரு முடி, அதாவது ஒரு கைப்பிடி நாற்று, நட்டு வைத்தால் அன்றைக்கே நடவு ஆரம்பித்தாகிவிட்டது. சனிக்கிழமை மெஷின் வருவது சாமான் வருகிற மாதிரி. அதற்கு எந்த அஷ்டமி என்ன செய்யும்? மாவுக் கையோடு அக்காவுக்குப் போன் போட்டேன். என் வீட்டுக்காரருக்கு ஒரு நன்றி சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, சொன்னால் இன்னும் நாலு காரியத்துக்கு நாள் பார்ப்பார்.

அக்கா பொறுமையாகக் கேட்டார். "அது தெரியாதா மேடம் எனுக்கு? ஈசானி மூலைல ஒரு முடி வெச்சிட்டா நாள் செஞ்ச மாதிரிதான். ஆனா நெலம் சேறாவலியே. தண்ணிதான் கட்டி வெச்சிக்கீறேன். டிராக்டரு எல்லாம் புதன்கெயம நடவுக்காரங்க கிட்டல்ல ஓடிக்கினு கீது. எனுக்கு வெள்ளிக்கெயமதான் வர்றேன்னுட்டாங்க. ஓட்டாத கட்டில கொண்டுபோயி வெக்க முடியுமா?"

"ஒரு மூலைக்கு மட்டும் ஓட்டிக் குடுங்கன்னு யாரையாவது கேட்டிருக்கலாமே?"

"கேக்க ஒரு மாரியா இருந்துச்சி" என்றார்.

அந்த ஒரு மாதிரி எது என்று எனக்குத் தெரியும். ஒரு ஏக்கர் குத்தகைக்காக, காலனியிலிருந்து போய், வேலைக்குக் கூப்பிட்ட வீடுகளிலேயே டிராக்டர் கேட்பது. நான் கேட்கலாம், எனக்கு அதற்குத்தான் சம்பளம். பெருநகர் அண்ணனின் டிராக்டர் அப்போது திருப்புலிவனத்தில்தான் வாடகைக்கு ஓடிக்கொண்டிருந்தது. போன் போட்டேன்.

"ஏம்மா, நாளான்னிக்கு எனுக்கே நடவு. எனுக்கே இன்னும் ரெண்டு சால் ஓட்ட பாக்கி கீது. நடுவுல இது இன்னா பேஜாரு?" என்று ஆரம்பித்தார். முணுமுணுப்பு முடியட்டும் என்று காத்திருந்தேன். முடிந்ததும் யாருக்கு என்று கேட்டார். சொன்னேன். 

"அதுவா? அது எங்க நெலத்துல நட்டுக்கினு இருந்த பொண்ணாச்சே. எங்கப்பாரு இருக்கும்போதே வரும். அது பிடிக்கிற வரிசைதான் முன்னால போவும், மத்ததெல்லாம் அத்தப் பாத்துக்கினு வரும்." தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "ஒரு மூலை இன்னா ஒரு மூலை. சேத்துல எறங்குன வண்டி முழுசா ஓட்டிட்டு வரட்டும். டீசல் மட்டும் நீ போட்டுடு."

டீசல் மையம் போட்டது. செவ்வாய்க்கிழமை இருட்டுவதற்குள் அக்காவின் ஒரு ஏக்கரும் சேறாகி, பரம்பு அடித்துச் சமமாக்கியாகிவிட்டது.

இதற்குப் பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மறந்துவிடுவேன். இந்தச் சேதி எப்படியோ வாட்ஸ்அப் குழுவில் பரவிவிட்டது. அன்றைக்கு ராத்திரியே திருப்புலிவனத்திலிருந்து இரண்டு பேர், "நாங்களும் புதன்ல ஒரு முடி வெச்சிக்கிறோம், ஞாயித்துக்கெயம மெஷின் அனுப்புங்க" என்றார்கள். நவமிக்கும் ஆள் கிடைத்துவிட்டது. இப்போது மூன்று ஊருக்கும் இதுதான் வழக்கம். நல்ல நாளில் கை, மற்ற நாளில் மெஷின். சனி, ஞாயிறு என்று பார்க்காமல் ஓடுகிறது. மேலதிகாரி ஒருவர் வந்து இந்த முறைக்கு ஒரு பெயர் வைக்கலாமே என்றார். பேசாமல் போங்க சார் என்றேன்.

புதன்கிழமைக்கு வருகிறேன். ஒன்பதே காலுக்கு மேல் நல்ல நேரம். மெஷின் பெருநகரில் அண்ணன் நிலத்தில் ஓடிக்கொண்டிருந்தது, நான் அங்கேதான் இருந்திருக்க வேண்டும். இருக்க முடியவில்லை. ஸ்கூட்டியைத் திருப்பிக்கொண்டு திருப்புலிவனத்துக்கு வந்துவிட்டேன். அக்கா, அக்காவின் பெண், நான், மூன்று பேர்தான். பெண் ஒரகடத்தில் கம்பெனிக்குப் போகிறது, அன்றைக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருந்தது. கம்பெனிச் சட்டைதான் போட்டிருந்தது, அதற்கு மேல் துப்பட்டா.

அக்கா மெரூன் கலர்ச் சேலையில் வந்திருந்தார். கல்யாணங்களுக்குக் கட்டுகிற சேலை என்று பார்த்தாலே தெரிந்தது. சேற்றுக்கு அதையா கட்டுவது என்று பெண் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்ததாம். ஈசானி மூலையில் வரப்போரமாக மஞ்சளில் பிள்ளையார் பிடித்து வைத்து, ஒரு பூவைச் செருகி, கற்பூரம் காட்டினார். எங்கள் இருவர் நெற்றியிலும் குங்குமம் வைத்தார். அப்புறம் சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினார். பெண் தட்டிலிருந்து ஒரு கைப்பிடி நாற்றைப் பிய்த்துக் கொடுத்தது. அதை வாங்கி இடது கையில் ஏந்திக்கொண்டார்.

வாங்கிக்கொண்டு நின்றார். வரப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். சாமி கும்பிடுகிறார் என்று நினைத்து நானும் கையைக் கூப்பினேன். கொக்கு ஒன்று வந்து சேற்றில் இறங்கியது, கொஞ்ச தூரம் நடந்து போனது. அக்கா அப்படியே நின்றார். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது.

"இன்னாம்மா, வெய்யேன்" என்றது பெண்.

"இரு. சொல்லட்டும்."

"யாரு சொல்லட்டும்?"

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. கூலிக்கு நடப் போகிற இடத்தில் யாரும் தானாக முதல் நாற்றை வைக்க மாட்டார்கள். நிலத்துக்காரர் வரப்பில் வந்து நின்று "நடுங்கம்மா" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் குனிவார்கள். இத்தனை வருஷமாக அந்த ஒரு வார்த்தைக்கு நின்ற பழக்கம், காலும் கையும் அதற்காகத்தான் நின்றுகொண்டிருக்கிறது. வரப்பில் நானும் பெண்ணும்தான் இருந்தோம். நான் வாயைத் திறக்கப் போனேன். நான் யார் சொல்வதற்கு என்று மூடிக்கொண்டேன்.

அக்கா என்னைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார், வரப்பில் ஒருத்தருமில்லாத இடத்தைப் பார்த்தார். யாரும் வரப் போவதில்லை என்று அவருக்குப் புரிவதை நான் கண்ணால் பார்த்தேன். முதலில் முகம் பயந்துபோனது. அப்புறம் உதடு நடுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று சொல்ல முடியவில்லை. கையிலிருந்த நாற்றை ஒரு தடவை பார்த்தார்.

"நடும்மா" என்றார், மெதுவாக, தனக்குத்தானே. சொல்லிவிட்டுக் குனிந்தார்.